பேட்ச் நம்பர், பில், முகவரி: பொருள் வந்த வழியைக் கேட்டறியும் உரிமை

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் கொண்டுபோன பிள்ளைகள் அவர்கள். கொடுக்கப்பட்ட இருமல் மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மா. அக்டோபர் 1ஆம் தேதி தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தகவல் வந்தது. உடனே ஆய்வாளர்கள் ஆலைக்குப் போய் மாதிரி எடுத்தார்கள். மறுநாளே ஆய்வக முடிவு வந்துவிட்டது: எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். பெயின்ட் போன்ற தொழிற்சாலைப் பொருள்களில் கரைப்பானாகச் சேர்க்கப்படும் நச்சு அது. மருந்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த நிலையில், அக்டோபர் 13ஆம் தேதி அந்த ஆலையின் உரிமம் ரத்து செய்யப்பட்டது.

சிந்த்வாராவுக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இடையே சுமார் ஆயிரம் கிலோமீட்டர். இரண்டு ஊரையும் இணைத்தவை பாட்டில் லேபிளில் இருந்த விவரங்கள்தான்: தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் நம்பர். மருந்து ஜபல்பூர் மொத்த வியாபாரி வழியாக வந்ததைக் கண்டுபிடிக்கவும், அதே பேட்ச் வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடவும் அவைதான் உதவின. ஆலைக்குள் நிலைமை நேர்மாறு. கரைப்பானாக வாங்கிய புரொப்பிலீன் கிளைக்காலில் ஒரு பகுதிக்குப் பில்லே இல்லை என்று தமிழ்நாட்டு ஆய்வாளர்களின் அறிக்கை குறிப்பிட்டது. சரக்கு வெளியே போன வழிக்குக் காகிதம் இருந்தது; உள்ளே வந்த வழிக்கு இல்லை.

இதே நஞ்சு 1937இல் அமெரிக்காவில் 'எலிக்சிர் சல்ஃபனிலமைடு' என்ற மருந்தின் வழியாக நூறு பேருக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மொத்தம் 240 காலன் தயாராகி நாடு முழுக்கப் போயிருந்தது. அரசு ஆய்வாளர்கள் விற்பனைச் சீட்டுகளையும் டாக்டர் சீட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக, வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 234 காலனை மீட்டார்கள். சீட்டு இல்லாதிருந்தால் அதில் எத்தனை பாட்டில் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. மறு ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. சென்னையிலும் 1972இல் இதே கலப்படத்தால் 15 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில் காமராசர் பல்கலைக்கழகத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது நாகமலை புதுக்கோட்டை. அங்கே குடியிருக்கும் ஒருவர் தன் வீட்டுக்கு வரும் மருந்து, மளிகை, நகை, சிலிண்டர் ஆகியவற்றின் வழித்தடத்தை எப்படிப் பார்ப்பது, தடம் இல்லையென்றால் யாரைக் கேட்பது என்பதே இந்த அத்தியாயம்.

யார் பதில் சொல்ல வேண்டும்?

2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ஆறு உரிமைகளைப் பட்டியலிடுகிறது. உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான பொருளிலிருந்து பாதுகாப்பு பெறுவது அதில் முதலாவது. தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது இரண்டாவது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத ஓர் அத்தியாயமும் இதில் சேர்ந்தது: 'பொருள் பொறுப்பு', பிரிவு 82 முதல் 87 வரை. குறைபாடுள்ள பொருளால் உடலுக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால் இழப்பீடு கேட்க வழி செய்வது இந்த அத்தியாயம்தான்.

நுகர்வோருக்கு அதிகம் பயன்படுவது பிரிவு 86. தயாரித்தவர் யார் என்று தெரியாவிட்டால் விற்றவரே பொறுப்பு. தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியவில்லை, அல்லது அவர் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படாத வெளிநாட்டுக்காரர் என்றாலும் விற்றவரே பொறுப்பு. தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்ப்பிக்காத கடைக்காரரும் இதில் வருவார். "சரக்கு டெல்லியிலருந்து வருது சார், யாரு செய்யிறான்னு எங்களுக்கே தெரியாது" என்பது தப்பிக்கும் பதில் இல்லை. பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் பதில்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006இன் பிரிவு 27ம் இதே தர்க்கத்தில் நடக்கிறது. யாரிடமிருந்து வாங்கினோம் என்று காட்ட முடியாத மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் தாமே பொறுப்பாளி ஆகிறார்கள். அதே சட்டத்தில் இன்னொரு விதி: ஒரு பேட்ச்சில் ஒரு பாக்கெட் ஆபத்தானது என்று தெரிந்தால், வேறு மாதிரி நிரூபணமாகும் வரை அந்த பேட்ச் முழுவதுமே ஆபத்தானதாகக் கருதப்படும். அதனால்தான் லேபிள் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண் இவ்வளவு முக்கியம்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி வாங்குபவர். பில் வேண்டாம் என்று சொல்லி ஐந்தோ பத்தோ குறைத்து வாங்கினால், சங்கிலி அறுபடுவது அவர் கையில்தான். பில் கொடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்குவது கடைக்காரரிடம் கெஞ்சும் விஷயமில்லை.

மருந்து: அட்டையை வெட்டும் முன்

பத்து மாத்திரை அட்டையில் நான்கு போதும் என்றால் கத்தரிக்கோல் வரும். பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும்.

"தம்பி, தேதி போட்ட பக்கத்தையே குடுங்க."

"அது கடைக்கு வேணும்க்கா. இல்லேன்னா மிச்சத்த எப்படி விக்கிறது?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். வழி எளிது: வெட்டும் முன் முழு அட்டையின் பின்புறத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பில்லில் மருந்தின் பெயருக்கு நேராக பேட்ச் நம்பர், காலாவதி என்ற கட்டங்கள் இருந்தால் அவை நிரம்பியிருக்கின்றனவா, அட்டையோடு ஒத்துப்போகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் கியூஆர் கோடு அல்லது பார்கோடு கட்டாயம். டோலோ, கால்பால், அலெக்ரா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஸ்கேன் செய்தால் மருந்தின் மூலப்பெயர், பிராண்டு, தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண் ஆகியவை வர வேண்டும். உறையில் அச்சடித்திருப்பதும் போனில் வருவதும் வேறு வேறாக இருந்தால் மருந்தைப் பயன்படுத்தாமல் வைத்துவிட்டு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குச் சொல்ல வேண்டும். மருந்தால் ஏற்பட்ட பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800 180 3024 என்ற இலவச எண் இருக்கிறது. டாக்டர் மட்டுமல்ல, நோயாளியும் அழைக்கலாம்.

சிறு குழந்தைகளின் சிரப் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்துகளில் 'நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது' என்று அச்சிட வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். போன மழைக்கு வாங்கி மிச்சம் வைத்த பாட்டிலை எடுப்பதற்கு முன் இந்த வரியைத் தேடுவது நல்லது.

மளிகையும் பலகாரமும்

பாக்கெட் உணவில் இருக்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டும் அந்த எண் வழங்கப்பட்ட ஆண்டு. 12419 என்று தொடங்கினால் தமிழ்நாட்டில் 2019இல் கொடுத்த உரிமம். எண் உண்மையா என்று ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் தளத்தில் தேடிப் பார்க்கலாம். 2022 ஜனவரி முதல் ஹோட்டல் பில்லிலும் கடை பில்லிலும் இந்த எண் இருக்க வேண்டும்.

ஸ்வீட் ஸ்டாலில் தட்டில் அடுக்கி எடைபோட்டு விற்கும் இனிப்புக்கு லேபிள் இருக்காது. ஆனால் 2020 அக்டோபர் 1 முதல், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்ற அட்டை ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் பார்த்தால் எத்தனை தட்டில் அந்த அட்டை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

லேபிள் எட்டாத பொருள்களும் உண்டு. தேனி சாலையோரம் கூடையில் வைத்து விற்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கூடைப் பழம் எந்தத் தோட்டம், கடைசியாக என்ன மருந்து, என்றைக்கு அடித்தது என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது. ஐரோப்பாவுக்குப் போகும் இந்தியத் திராட்சையின் கதை வேறு. மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான அபீடா 2006இல் தொடங்கிய கிரேப்நெட் ஏற்பாட்டில் தோட்டம் பதிவாகிறது, பழம் ஆய்வகத்துக்குப் போகிறது, பெட்டியில் ஒட்டிய எண்ணை வைத்துத் தோட்டம் வரை பின்னோக்கிப் போகலாம். இதே நாட்டில் விளையும் பழத்துக்குத் தடம் வைக்கும் வித்தை நமக்குத் தெரியாமலில்லை; உள்ளூர்ச் சந்தைக்கு அது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் பொதுமக்களே உணவைச் சோதனைக்குக் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 40 இதற்கு இடம் கொடுக்கிறது. ஒரே நிபந்தனை: வாங்கும்போதே, சோதனைக்காக வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டணம் உண்டு, பொருள் தரமற்றது என்று முடிவு வந்தால் அது திரும்பக் கிடைக்கும். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் மதுரையிலேயே இருக்கிறது. ஆபத்தான உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று பிரிவு 65 சொல்கிறது. பலத்த பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை.

நகைக்கு ஆறு எழுத்து

இன்றைக்கு மதுரையில் தடம் கச்சிதமாக இருக்கும் பொருள் எது என்றால் தங்கம்தான். தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு ஜோடி தோடு வாங்குபவர் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக் கொக்கியின் பின்புறம் பார்த்தால் மூன்று குறிகள் தெரியும்: இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) முக்கோணம், 22கே916 போன்ற தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாய ஹால்மார்க்குக்கு உட்பட்ட நகைகளை இந்த ஆறு இலக்கம் இல்லாமல் விற்க முடியாது. ஒவ்வொரு நகைக்கும் தனி எண். ஒரு எண் இன்னொன்றுக்கு வராது.

'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த ஆறையும் தட்டினால் நகைக்கடையின் பதிவு விவரம், ஹால்மார்க் செய்த மையம், என்ன வகை நகை, தூய்மை ஆகியவை வரும். கையில் தோடு, திரையில் வளையல் என்று வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகை, குந்தன், போல்கி, ஜடாவு வேலைப்பாடு ஆகியவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஹால்மார்க் போட்ட நகையின் தூய்மை குறைந்தால், அந்தக் குறையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் விற்றவர் தர வேண்டும். 2,000 ரூபாய் பெறுமான தூய்மை குறைந்திருந்தால் 4,000 ரூபாயும் கட்டணமும் என்று கணக்கு.

சிலிண்டரும் குக்கரும்

கேஸ் சிலிண்டரின் தலைப்பகுதியில் வளையத்தைத் தாங்கி நிற்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். 'பி-27' என்றால் 2027 ஜூன் மாதத்துக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். அந்தத் தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காமல் மாற்றித் தரச் சொல்லலாம். கசிவு என்றால் 1906, இரவிலும் எடுப்பார்கள்.

குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 2347 என்ற தர எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரைப் படம் மட்டும் இருந்து உரிம எண் இல்லையென்றால் சந்தேகப்படலாம். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தரமற்ற குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விற்ற 2,265 குக்கர்களை வாங்கிய எல்லோருக்கும் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்ப எடுத்து, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. ஃபிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்களுக்காக இதே போன்ற உத்தரவு போனது. ஆன்லைனில் ஒவ்வொருவரின் பெயரும் பதிவாகியிருப்பதால் எண்ணிக்கையை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்தது. பாத்திரக் கடையில் பில் இல்லாமல் அதே குக்கரை வாங்கியவருக்கு யார் போன் போடுவார்கள்?

எச்சரிக்கை எந்த மொழியில்?

பாக்கெட் பொருள்களின் கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்பதே சட்டம். தமிழ் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவருக்குக் குக்கரின் வால்வு எச்சரிக்கையும் மருந்தின் வயது வரம்பும் கண்ணுக்கு முன்னால் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பூச்சிமருந்து ஒரு விதிவிலக்கு. டப்பாவோடு வரும் துண்டுப் பிரசுரம் விற்கும் பகுதியின் மொழியிலும் இருக்க வேண்டும் என்று பூச்சிக்கொல்லி விதிகள், 1971 சொல்கின்றன. துவரிமான் பக்கம் நெல் வயலுக்கு மருந்து வாங்குபவர் டப்பாவுக்குள் தமிழ்த் தாள் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து வாங்கலாம். படிக்கத் தெரியாதவருக்கு நிறம் இருக்கிறது: லேபிளில் உள்ள சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சையும் விஷம்தான், வீரியம் குறைவு. விதை பொய்த்துப்போனாலும் விவசாயி நுகர்வோராக வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தேசிய விதைக் கழக வழக்கில் உறுதி செய்திருக்கிறது. விதைப் பையில் தைத்திருக்கும் அட்டையையும் பில்லையும் அறுவடை முடியும் வரை எடுத்து வைக்க வேண்டும்.

புகார் கொடுக்கும் வரிசை

1. பொருளை, மிச்சத்தை, உறையை, மூடியை அப்படியே பத்திரப்படுத்த வேண்டும். கழுவக் கூடாது, கடையில் திருப்பிக் கொடுத்துவிடவும் கூடாது. பேட்ச் நம்பர் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். உடல்நிலை பாதித்திருந்தால் டாக்டர் சீட்டும் மருத்துவமனை ஆவணமும் அவசியம்.

2. கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் கேட்க வேண்டும். நாலு வரி போதும்: 'இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில், இன்ன பொருளை உங்களிடம் வாங்கினேன். பேட்ச் நம்பர் இது. ஏற்பட்ட பாதிப்பு இது. இதைத் தயாரித்தவர், உங்களுக்குக் கொடுத்தவர் ஆகியோரின் பெயர், முகவரி, உரிம எண்ணை 15 நாளில் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பலாம். பதில் வந்தால் சங்கிலியின் அடுத்த கண்ணி தெரியும். வராவிட்டால் அந்த மௌனமே பிரிவு 86இன் கீழ் வாதத்துக்கு உதவும்.

3. துறைக்குச் சொல்ல வேண்டும். உணவு என்றால் மாவட்ட நியமன அலுவலர்; வாட்ஸ்அப் எண் 94440 42322. எடை, விலை, பாக்கெட் விவரம் என்றால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு. ஐ.எஸ்.ஐ., ஹால்மார்க் என்றால் பிஐஎஸ் கேர் ஆப். எந்தத் துறை என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

4. எடுத்த மாதிரி என்ன ஆனது என்று துறை சொல்லவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு ஆய்வக அறிக்கையின் நகலைக் கேட்கலாம்.

5. இழப்பீடு வேண்டுமென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த வசதி. காஞ்சிபுரத்துக் கம்பெனி மீது நாகமலை புதுக்கோட்டைக்காரர் மதுரையிலேயே மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம்.

மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் வாய்தா நீளும். ஆய்வகத்துக்கு அனுப்ப மாதிரி வேண்டும் என்று ஆணையம் கேட்கும்போது மனுதாரர் கையில் பொருள் இருக்க வேண்டும். அதனால் கெட்டுப்போகக்கூடிய உணவாக இருந்தால் மனுவோடு காத்திருக்காமல் முதல் நாளே நியமன அலுவலரிடம் சொல்லி, அதே பேட்ச்சிலிருந்து கடையில் மாதிரி எடுக்கச் செய்வது பாதுகாப்பு. தெர்மல் தாளில் அச்சான பில் சில மாதங்களில் வெளிறிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து, அசலோடு சேர்த்து வைத்தால் விசாரணை நாளில் எழுத்து இருக்கும்.